ஐன்ஸ்டைன் தவறு என்று எழுதிய நோட்டுகள்: ஒரு வாசகருக்குப் பதில்

கோவைப் பக்கம் பம்ப்செட் மோட்டார் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருக்கும் 52 வயது வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவர். பல வருடங்களாக ஷிப்ட் முடிந்து வந்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சார்பியல் பற்றி வாசித்து நோட்டு நோட்டாக எழுதியிருக்கிறார். அதில் ஐன்ஸ்டைனின் கொள்கையில் மூன்று ஓட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்புகிறார்.

ஒன்று, இரட்டையர் புதிர். இரட்டையரில் ஒருவர் அதிவேகமாகப் பயணம் போய்த் திரும்பினால், வீட்டில் இருந்தவரைவிட அவருக்கு வயது குறைவாக இருக்கும் என்கிறது சார்பியல். இயக்கம் சார்பானது என்றால் இருவருமே மற்றவரைப் பார்த்து 'உனக்குத்தான் வயது குறைவு' என்று சொல்லலாமே, இது முரண்பாடுதானே என்கிறார். இரண்டு, ரப்பர் விரிப்பில் குண்டு வைத்து ஈர்ப்பை விளக்கும் படம். அந்தக் குண்டு பள்ளத்தில் இறங்குவதே கீழே இருக்கும் பூமி இழுப்பதால்தான், ஈர்ப்பை வைத்தே ஈர்ப்பை விளக்குகிறார்கள் என்பது அவர் வாதம். மூன்று, ஈர்ப்பு என்பது இழுப்பே அல்ல, தள்ளல். விண்வெளி முழுக்க நுண்ணிய துகள்கள் எல்லாப் பக்கமும் பாய்கின்றன. பூமி ஒரு பக்கத்தை மறைப்பதால் மறுபக்கத்திலிருந்து வரும் தள்ளல் நம்மைக் கீழே அழுத்துகிறது, அதுவும் நேரமே எடுக்காமல் நடக்கிறது என்கிறார்.

இதை 140 பக்கக் கட்டுரையாக்கிப் பல பேராசிரியர்களுக்கு அனுப்பினார். யாரும் பதில் போடவில்லை. 'சர்வதேச ஆய்விதழ்' ஒன்று மட்டும் நான்கே நாளில் ஏற்றுக்கொண்டு 38,000 ரூபாய் கட்டச் சொல்லியிருக்கிறது. இன்னொருவர் காப்புரிமை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா, 'ராமானுஜனும் கிளார்க்தானே சார், ஐன்ஸ்டைனும் கிளார்க்தானே?' என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருபவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் கேட்டவை நல்ல கேள்விகள். பாடத்தை மனப்பாடம் பண்ணிப் பட்டம் வாங்கிப் போகிறவர்களில் பலர் இந்த இடங்களில் நின்று யோசிப்பதே இல்லை. அந்தக் கேள்விகளிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவுகளோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை. பணத்துக்குக் கெடு நெருங்குவதால் அதை முதலில் பேசிவிடுவோம்.

பணமும் உரிமையும்

அந்த 38,000 ரூபாயைக் கட்டாதீர்கள். கட்டணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலி ஆகிவிடாது. எல்லோரும் இலவசமாகப் படிக்கத் திறந்து வைக்கும் தரமான இதழ்கள் சிலவும் எழுதியவரிடம் பணம் வாங்குகின்றன. எனக்கு உறுத்துவது அந்த நான்கு நாள். 140 பக்கத்தை, அதுவும் ஐன்ஸ்டைனையே மறுக்கும் 140 பக்கத்தை, துறை தெரிந்தவர்கள் படித்திருந்தால் குறைந்தது பத்துக் கேள்வி கேட்டிருப்பார்கள். உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றால் யாரும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். எழுதியவரிடம் பணம் வாங்காத நல்ல இதழ்களும் இருக்கின்றன. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி வெளியிடும் 'பிரமாணா' அப்படி ஒன்று.

காப்புரிமை விஷயம் இன்னும் எளிது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(சி), அறிவியல் தத்துவம் ஒன்றைக் கண்டறிவதோ கோட்பாடு ஒன்றை வகுப்பதோ 'கண்டுபிடிப்பு' ஆகாது என்று சொல்கிறது. ஈர்ப்புக் கொள்கைக்கு இந்தியாவில் யாரும் காப்புரிமை வாங்கித் தர முடியாது. முன்பணம் கேட்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயம் வரிக்கு வரி தெரிகிறது. நீங்கள் எழுதியவற்றின் பதிப்புரிமை, எழுதிய கணமே உங்களுடையது. அதைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் அது உங்கள் எழுத்தைத்தான் காக்கும், கருத்தைக் காக்காது. 'இதை முதலில் சொன்னது நான்' என்று தேதியோடு நிறுவ வேண்டுமா? ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் ஸெனோடோ தளத்தில் ஏற்றுங்கள். செலவே இல்லை, தேதியும் நிரந்தர அடையாள எண்ணும் கிடைத்துவிடும்.

வேலையை விடுவது பற்றி: வேண்டாம். இந்தப் பதிலை முழுவதும் படித்தால் காரணம் புரியும். நகையை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.

இரட்டையரின் பொங்கல் வாழ்த்து

'இருவரும் ஒரே மாதிரி' என்ற இடத்தில்தான் உங்கள் வாதம் வழுக்குகிறது. ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம், ப்ளஸ் டூ அல்ஜீப்ரா போதும்.

அக்கா பூமியில் இருக்கிறார். இரட்டைப் பிறவியான தங்கை, 4 ஒளியாண்டு தொலைவில் உள்ள நட்சத்திரத்துக்கு ஒளியின் வேகத்தில் 80 சதவீதத்தில் போய், உடனே திரும்பி வருகிறார். அக்காவின் கணக்கில் போக 5 வருடம், வர 5 வருடம். தங்கையின் கடிகாரம் போக 3, வர 3 என்று மொத்தம் 6 வருடம் காட்டும் என்கிறது சார்பியல். இருவரும் அவரவர் காலண்டர்படி வருடத்துக்கு ஒரு பொங்கல் வாழ்த்தை ரேடியோவில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம்.

விலகிப் போகும்போது வாழ்த்துகள் தாமதமாக வரும். இந்த வேகத்தில் மூன்று வருடத்துக்கு ஒன்று. நெருங்கி வரும்போது வருடத்துக்கு மூன்று. இதுவரை இருவருக்கும் வித்தியாசமே இல்லை, நீங்கள் சொன்னபடி. இப்போது எண்ணிப் பாருங்கள். தங்கை போகும் 3 வருடத்தில் அக்காவிடமிருந்து 1 வாழ்த்து கிடைக்கிறது. கப்பலைத் திருப்பிய நிமிஷத்திலிருந்தே வாழ்த்துகள் வேகமாக வரத் தொடங்கி, திரும்பும் 3 வருடத்தில் 9 வந்துவிடுகின்றன. மொத்தம் 10.

அக்கா பக்கம் வேறு கதை. தங்கை திரும்பியது 5ஆம் வருடம் என்றாலும், அந்தச் செய்தி 4 ஒளியாண்டைக் கடந்து பூமிக்கு வரும்போது 9ஆம் வருடம் ஆகிவிடும். அதுவரை மூன்று வருடத்துக்கு ஒன்று என 3 வாழ்த்து. மிச்சமிருக்கும் ஒரே வருடத்தில் இன்னும் 3. மொத்தம் 6.

இருவரும் நேரில் சந்தித்துப் பெற்ற வாழ்த்துகளை மேசையில் அடுக்கினால் ஒருவரிடம் 10, இன்னொருவரிடம் 6. யாருக்கும் சண்டை போட இடமில்லை. திரும்பியவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை, கப்பல் எஞ்சினின் உந்தலை உடம்பில் உணர்ந்தவர் தங்கைதான். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு கார் நேராகவும் இன்னொரு கார் தஞ்சாவூர் சுற்றியும் வந்தால் இரண்டின் கிலோமீட்டர் மீட்டரும் வேறு வேறு காட்டும். அதை யாரும் முரண்பாடு என்று சொல்வதில்லை. வெளியையும் காலத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதைத்தான் காலவெளி என்கிறோம், கடிகாரமும் அந்தக் காலவெளியில் போன பாதையை அளக்கும் மீட்டர்தான். ஒரே வித்தியாசம், சாலையில் நேர்வழிக்குத் தூரம் குறைவு, காலவெளியில் எந்த உந்தலும் இல்லாமல் போகும் நேர்வழிக்கு நேரம் அதிகம். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஈர்ப்புக்கும் இதுதான் தேவைப்படும்.

இது காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. 1971இல் ஹாஃபலே, கீட்டிங் என்ற இருவர் சீசியம் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கிழக்கே போனவை சுமார் 59 நானோ வினாடி பிந்தின, மேற்கே போனவை சுமார் 273 நானோ வினாடி முந்தின. வேகம், உயரம் இரண்டின் விளைவையும் சேர்த்து முன்கூட்டிப் போட்ட கணக்கோடு, பிழை வரம்புக்குள், இரண்டும் ஒத்துப்போயின.

ரப்பர் விரிப்பு: உங்கள் கோபம் நியாயமானது

இங்கே நீங்கள் சொல்வது சரி. அந்தப் படம் ஈர்ப்பை வைத்துத்தான் ஈர்ப்பை விளக்குகிறது. ஆனால் அது பிரபலப்படுத்துவதற்காக வரையப்பட்ட படம், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளில் ரப்பரும் இல்லை, பள்ளமும் இல்லை. படத்தில் உள்ள குறையைக் கொள்கையின் குறையாக எடுத்துக்கொண்டீர்கள். அந்தப் படத்தின் பெரிய கோளாறே வேறு: அது வெளியின் வளைவை மட்டும் காட்டி, காலத்தை விட்டுவிடுகிறது. உங்கள் கையிலிருந்து ஸ்பானர் தவறினால் அது கீழே விழுவதற்குக் காரணம் கிட்டத்தட்ட முழுக்கவும் காலத்தின் வளைவுதான்.

எப்படி என்று பார்ப்போம். தரையைவிட உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும். ஒரு மீட்டர் உயரத்துக்கு வருடத்துக்குச் சுமார் 3 நானோ வினாடிதான் வித்தியாசம், ஆனாலும் அளந்திருக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவின் கொலராடோவில் 33 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தில் அளந்தார்கள். 2022இல் ஒரே ஒரு மில்லிமீட்டரிலேயே அதைக் கண்டார்கள். உங்கள் போனில் இருக்கும் ஜி.பி.எஸ்ஸும் இதை நம்பித்தான் ஓடுகிறது. அந்தச் செயற்கைக்கோள் கடிகாரங்கள் உயரத்தால் நாளுக்கு 45 மைக்ரோ வினாடி முந்தும், வேகத்தால் 7 மைக்ரோ வினாடி பிந்தும். மிச்சம் 38. அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரு நாளில் சேரும் பிழையில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும்.

இப்போது ஒரு பந்தை மேலே எறிந்து, சரியாக 2 வினாடி கழித்து அதே இடத்தில் பிடிக்கிறீர்கள். நடுவில் அது எந்தப் பாதையில் போகும்? யாரும் தள்ளாத பொருள், தன் கடிகாரம் அதிகபட்ச நேரம் காட்டும் பாதையில் போகும் என்பதுதான் விதி. உயரே போனால் கடிகாரம் வேகமாக ஓடுகிறது, அதனால் மேலே போவது லாபம். ஆனால் ரொம்ப மேலே போக வேண்டுமென்றால் வேகமாகப் போக வேண்டும், வேகம் கடிகாரத்தைப் பிந்தவைக்கும், அது நஷ்டம். இந்த லாபநஷ்டம் சரியாகத் தீரும் பாதையைக் கணக்கிட்டால் 4.9 மீட்டர் ஏறி இறங்கும் பாதை வருகிறது. பள்ளிக்கூடத்தில் நியூட்டன் விதியால் போட்ட அதே விடை! கயிறு கட்டி இழுப்பதுபோல எந்த விசையும் இதில் வரவில்லை.

நீங்கள் தனித்தனியாகக் கேட்ட முதல் இரண்டு கேள்வியும் உண்மையில் ஒரே கேள்வி என்பது இப்போது தெரிகிறதா? வீட்டில் இருந்த அக்காவுக்கு ஏன் வயது கூடியது என்பதற்கும், எறிந்த பந்து ஏன் திரும்பி வந்தது என்பதற்கும் விதி ஒன்றுதான். முதன்முதலில் இது எனக்குப் பிடிபட்டபோது அடைந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை. அது உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

தள்ளும் துகள்கள்

இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது. உங்கள் கொள்கை புதிதல்ல. 1690இல் நிக்கோலா ஃபாட்டியோ என்ற இளைஞர், நியூட்டனுக்கு நெருங்கிய நண்பர், இதையே லண்டன் ராயல் சொசைட்டியில் முன்வைத்தார். பிறகு 18ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவின் லெ சாஜ் இதைத் தன் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டார். யாருடைய உதவியும் இல்லாமல் நீங்கள் அதே இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். அந்த யோசனை அவ்வளவு இயல்பானது, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்ற விதிகூட அதிலிருந்து அழகாக வந்துவிடுகிறது.

அது நிற்காமல் போனதற்கு இரண்டு காரணங்கள். பூமி வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. துகள்கள் எல்லாப் பக்கமும் பாய்ந்தால் பூமியின் முன்பக்கம் மோதுவது அதிகமாக இருக்கும். அந்தத் தடையில் பூமி வேகமிழந்து என்றோ சூரியனுக்குள் விழுந்திருக்க வேண்டும். இன்னொன்று வெப்பம். தள்ள வேண்டுமானால் துகள்கள் பூமியில் உறிஞ்சப்பட வேண்டும், அந்த ஆற்றல் எங்கே போகும்? 19ஆம் நூற்றாண்டில் மேக்ஸ்வெல்லும் 1908இல் புவாங்காரேயும் இதை ஆராய்ந்தார்கள். பூமி எரிந்து ஆவியாகியிருக்கும் என்றுதான் விடை வந்தது.

ஈர்ப்பு நேரமே எடுக்காது என்ற உங்கள் கருத்தை மறுக்க நேரடிச் சோதனையே இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலைகள், அவற்றைப் பிடிப்பதற்கென்றே கட்டிய லைகோ, விர்கோ கருவிகளில் பதிவாயின. சுமார் 1.7 வினாடி கழித்து அதே மோதலின் காமா கதிர் ஃபெர்மி செயற்கைக்கோளை எட்டியது. இரண்டும் சுமார் 13 கோடி ஒளியாண்டு ஒன்றாகப் பயணம் செய்து, இரண்டு வினாடிகூட இடைவெளி இல்லாமல் வந்திருக்கின்றன. ஈர்ப்பு நேரமே எடுக்காமல் பரவும் என்றால் அந்த அலை 13 கோடி வருடத்துக்கு முன்பே நம்மைக் கடந்து போயிருக்கும்.

கிளார்க்குகள்

ஐன்ஸ்டைன் 1902இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் சேர்ந்தது உண்மை. பதவி, மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப வல்லுநர். ஆனால் அதற்கு முன்பே ஜூரிக் பாலிடெக்னிக்கில் இயற்பியல், கணிதம் படித்து முடித்திருந்தார். கணக்கில் ஃபெயில் என்பது கட்டுக்கதை, 15 வயதுக்குள் கால்குலஸ் கற்றவர் அவர். ஈர்ப்புக் கொள்கைக்குத் தேவையான வடிவியல் தெரியாதபோது, நண்பர் மார்செல் கிராஸ்மனிடம் போய்க் கற்றுக்கொண்டார். யோசனை தோன்றியது 1907இல், சமன்பாடு முடிந்தது 1915 நவம்பரில்.

ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கிளார்க்காக இருந்து 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன்பே இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவர் கட்டுரை வந்திருந்தது. ஹார்டியை நிமிர்ந்து உட்காரவைத்தது என்ன? அந்தக் கடிதத்தில் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் சரிபார்க்க முடியும், தவறென்றால் பிடிக்க முடியும். உங்கள் 140 பக்கத்தில் நான் தேடியது அதைத்தான். நீங்கள் இணைத்த பகுதியில் வாதம் இருக்கிறது, படம் இருக்கிறது, ஓர் எண்கூட இல்லை.

புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 வில்வினாடி (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு வில்வினாடி) கூடுதலாகத் திரும்புகிறது. இப்படி ஒரு கூடுதல் இருப்பதை 1859இல் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கவனித்தார், நியூட்டன் விதியால் விளக்க முடியவில்லை. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் எதையும் ஒட்டவைக்காமலே அந்த 43 வந்தது. புதிதாக ஈர்ப்புக் கொள்கை சொல்கிறவர் எவரும் முதலில் அந்த 43ஐக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பேராசிரியர்கள் பதில் போடாததற்குச் சதி காரணம் இல்லை. அந்த எண் இல்லாத நீண்ட கட்டுரைகள் அவர்களுக்கு நிறைய வருகின்றன, எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை. அடுத்த முறை ஒரே ஒரு கேள்வியை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள், பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

ஐன்ஸ்டைனை எதிர்த்தால் வாயை அடைத்துவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2011இல் ஓபரா என்ற ஆய்வுக்குழு, நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ வினாடி முந்தி வந்ததாகத் தங்கள் அளவை உலகத்துக்கே அறிவித்து, பிழையைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கேட்டது. யாரும் மறைக்கவில்லை. மற்றவர்கள் மீண்டும் அளந்தார்கள். கடைசியில் சரியாகப் பொருத்தப்படாத ஒரு ஃபைபர் கேபிள்தான் காரணம் என்று 2012இல் தெரிந்தது. லூஸ் கனெக்‌ஷன் தேடுவதில் உங்களுக்கு நான் என்ன சொல்லித்தர முடியும்!

இனி என்ன செய்யலாம்

சிறப்புச் சார்பியலில் இருந்து தொடங்குங்கள். அதை முன்வைத்த ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரை ஆரம்பிப்பதே காந்தத்தையும் மின்கடத்தியையும் வைத்துத்தான்: காந்தம் நகர்ந்தாலும் கடத்தி நகர்ந்தாலும் மின்னோட்டம் ஒன்றாக இருக்க, விளக்கம் மட்டும் ஏன் இரண்டாக இருக்க வேண்டும்? மோட்டாரோடு வாழும் உங்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்கள் இலவசம். கால்குலஸைத் தூசு தட்டிக்கொண்டு வாரத்துக்குச் சில மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

சந்தேகப்படுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் எப்படிச் சேர்ப்பது, விண்வெளியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கரும்பொருள் எதனால் ஆனது என்ற கேள்விகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. அங்கே போய்ச் சேரத் தெரிந்த பகுதியைக் கடந்துதான் ஆக வேண்டும்.

அதோடு உங்கள் கைத்திறனையும் பயன்படுத்துங்கள். காற்றுமண்டலத்தின் மேலே, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மோதி மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளியின் வேகத்திலேயே வந்தாலும் அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் வர முடியும். ஆனாலும் நீட்டிய உள்ளங்கை வழியாக வினாடிக்கு ஒன்றாவது கடந்து போகிறது, அவற்றின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுவதால்! 1963இல் ஃப்ரிஷ், ஸ்மித் இருவரும் சுமார் 1,900 மீட்டர் உயரமுள்ள, அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் மணிக்கு 563 மியூவான்களை எண்ணினார்கள். கடல் மட்டத்தில் 408. கடிகாரம் இப்படி மெதுவாகும் கால நீட்சி இல்லையென்றால் 27தான் மிஞ்சியிருக்கும்.

உங்களுக்கு மேட்டுப்பாளையமும் ஊட்டியும் பக்கத்திலேயே இருக்கின்றன. உயர வித்தியாசம் கிட்டத்தட்ட அதே 1,900 மீட்டர். ஊட்டியில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வில் ஒரு மியூவான் தொலைநோக்கியையே நடத்திவருகிறது. கதிர்வீச்சை எண்ணும் இரண்டு கைகர் குழாய்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நடுவில் ஒரு ஈயத்தகடு கொடுத்து, இரண்டும் ஒரே சமயத்தில் துடித்தால் மட்டும் எண்ணும் சர்க்யூட் ஒன்று செய்யுங்கள். ஹை வோல்டேஜில் கவனம் வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாய் சிறியதாக இருந்தால் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும், ஆயிரம் எண்ணிக்கை சேரும்வரை விடுங்கள், பிழை 3 சதவீதத்துக்கு வந்துவிடும். மெதுவான மியூவான்களைக் காற்றே நிறுத்திவிடும் என்பதால் விகிதம் துல்லியமாக வராது. ஆனால் கால நீட்சி பொய் என்றால் மேட்டுப்பாளையத்தில் ஊட்டியின் எண்ணிக்கையில் பதினெட்டில் ஒரு பங்குகூடத் தேறாது, அவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தவறவிட வழியில்லை. இரண்டு ஊரிலும் கிடைத்த எண்களையும், எத்தனை மணி நேரம் எண்ணினீர்கள் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். சர்க்யூட் வரைபடத்தையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது, மாணவர்களுக்குக் காட்டுவேன்.